ஏற்காட்டுப் பலாமரத்தைப் பலகையாக்கிச் சேலத்து வீட்டிலேயே உலர்த்த முடியுமா?

தோட்டத்தில் சாய்ந்த பலாமரத்தை அறுத்துச் சேலத்தில் உலர்த்தலாமா, எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உலர்த்தலாம். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. சேலத்து வெப்பத்தில் அதற்கு முன்பே உலரக்கூடும், மூடுபனி தங்கும் ஏற்காட்டிலோ மழைக்காலத்தில் ஈரம் எளிதில் இறங்காது. மலையிலிருந்து இறக்குமுன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாமதத்தைவிட அவசரமே மரத்தை அதிகம் கெடுக்கும். பலகையின் பரப்பைவிட வெட்டுமுனைகள் வழியாக ஈரம் பல மடங்கு விரைவாக வெளியேறுவதால் முனைகள் முதலில் சுருங்கி வெடிக்கின்றன. ஆகவே அறுத்த அன்றே அவற்றில் மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசிவிடுங்கள். நேர்வெயில் படவே கூடாது.

தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், மட்டம் பார்த்த செங்கல் மேடைமேல் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே முக்கால் அங்குல ரீப்பர்களை (மெல்லிய மரச்சட்டங்களை) ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கோடு விலகினால் பலகை வளைந்துவிடும், ரீப்பர் ஈரமாக இருந்தால் கறை படியும். மேலே தகரம் போதும். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடுவோர் பலர்; அது பூஞ்சைக்கு இடம் கொடுப்பதாகும்.

ஒரு பலகையை மட்டும் மாதந்தோறும் எடைபோட்டு வாருங்கள். எடை குறைவது நின்றபின் இழைக்கத் தொடங்கலாம்.