பதற்றம் வந்தாலே வயிறு கலக்குகிறது, டெஸ்ட் எல்லாம் நார்மல் என்கிறார்கள். இது வெறும் மனப்பிரமையா?

பிரமை இல்லை. வீட்டில் உங்களையும் "எல்லாம் நெனப்புதான்" என்று சொல்லியிருப்பார்கள். குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் ரிப்போர்ட் சுத்தமாக வந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கும். எனக்கும் அப்படித்தான். எனக்கு ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய், கல்லூரி நாளிலிருந்தே இருக்கிறது.

ஒருமுறை இன்டர்வியூவுக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போனேன். பயத்தில் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விழுப்புரம் நெருங்கும்போது அடிவயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது. "அண்ணா, ஏதாவது பெட்ரோல் பங்க்ல ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் கெஞ்சினேன். "கிளம்பும்போதே போயிட்டு வரக்கூடாதாம்மா? மோட்டல் வந்துடும், இரு" என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. கம்பியைப் பிடித்தபடி, உள்ளங்கை வியர்க்க, நின்றுகொண்டே வந்தேன். மோட்டலில் இறங்கி ஓடினால், கழிப்பறை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் சில்லறை கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். உள்ளே தாழ்ப்பாளும் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. ஆறிப்போன தோசைக்கு மட்டும் சென்னை விலை! இந்த மோட்டல்களில் பேருந்துகளை நிறுத்த அனுமதிப்பவர்கள் ஒரு நாளாவது தங்கள் வீட்டுப் பெண்களை அங்கே அழைத்துப் போகட்டும். நெடுஞ்சாலையில் பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை கேட்பது பேராசையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குடலுக்கென்று பத்துக் கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. வேகஸ் நரம்பு வழியாக அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். பயந்தால் மூளையில் சுரக்கும் சிஆர்எச் என்ற ஹார்மோன் பெருங்குடலின் அசைவை வேகமாக்கும். நம்மில் பலருக்குக் குடல் நரம்பின் கூருணர்ச்சியும் அதிகம். மற்றவர்களுக்குத் தெரியாத வாயுகூட நமக்கு வலிக்கும். ஸ்கோப்பில் புண் தெரியும், கட்டி தெரியும், இது தெரியாது. 2016இல் வந்த ரோம் 4 என்ற, குடல் கோளாறுகளுக்கான சர்வதேச மருத்துவ வரையறையே இதைக் குடலும் மூளையும் சேர்ந்த கோளாறு என்றுதான் சொல்கிறது.

பயந்த சுபாவத்தால்தான் வருகிறது என்பதையும் நம்பாதீர்கள். 2000இல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்து பலருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அவர்களில் நிறைய பேருக்கு ஐபிஎஸ் தங்கிவிட்டது. எனக்கும் ஹாஸ்டல் சாப்பாட்டில் வந்த வயிற்றுப்போக்குக்குப் பிறகுதான் தொடங்கியது. வயிறு கெட்ட பிறகு பதற்றம் வருவதும் உண்டு.

"டாக்டர் மாதிரி பேசாதே" என்று யாராவது கமெண்டில் வருவார்கள். நான் டாக்டர் இல்லை. மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்தை எழுப்பும் பேதி இதில் எது இருந்தாலும் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரை, குறைந்த அளவில். இதே மருந்து ஐபிஎஸ்ஸுக்குப் பலன் தருவதாக 2023இல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வும் வந்தது. என் அத்தை மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டு "இது பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரைடி" என்றார். குடல் நரம்பின் வலியைக் குறைக்கவும் அதே மாத்திரைதான் என்று விளக்கிச் சொன்னேன். நீங்களும் நார்மல் என்று சொன்ன டாக்டரிடமே போய், "வலி இன்னும் இருக்கு, அடுத்து என்ன சிகிச்சை?" என்று கேளுங்கள். அவர் கேட்க மாட்டேன் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.