சாதாரண சிப்பாய்தானே?

ஐயா, வணக்கம். என் பாட்டியின் அண்ணன் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து 1945இல் பர்மாவில் இறந்துபோனார். வீட்டில் மிஞ்சியது ஒரு நட்சத்திரப் பதக்கம்தான். திதி கொடுக்க நாள்கூடத் தெரியாது. தொண்ணூறு வயதில் பாட்டி, "அண்ணனைப் பற்றி எழுதி வை" என்கிறார். சாதாரண சிப்பாய்தானே, எழுத என்ன இருக்கிறது? யாங்கோனில் கல்லறை இருக்குமா?

மன்னார்குடி வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கல்லறை இருப்பது அரிது. எரித்திருப்பார்கள், அல்லது உடலே கிடைத்திருக்காது. ஆனால் பெயரைத் தேடலாம். யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தில், தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. கல்லறை அறியப்படாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அதே தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவு மண்டபத் தூண்களில் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

"சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் மடிந்தார்கள்" என்று அங்கே ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி எழுத்துகளில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் இல்லை. முதல்முறை பார்த்தபோது நெஞ்சு கனத்தது. தூணருகே போய் நின்றால் நம் ஊர்ப் பெயர்களாக வருகின்றன, எல்லாம் குமாஸ்தா காதில் விழுந்தபடியான ஆங்கில எழுத்தில். ஆகவே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் உண்டு. இறந்த தேதியும் இருக்கும். அது கிடைத்தால் பழைய பஞ்சாங்கத்தில் திதி பார்த்துவிடலாம்.

பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பின்புறம் எண் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சிப்பாய்தானே என்று மட்டும் சொல்லாதீர்கள். படை ஆற்றைக் கடக்கப் பாலம் போட்டதும், பாதையில் கண்ணிவெடியைத் தோண்டி எடுத்ததும், மழையில் கரைந்த சாலைக்கு மண் சுமந்ததும் சாப்பர்கள்தாம். தளபதிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவை அறிந்தவர் உலகத்தில் இனி ஒருவர்தான்.

இன்றே பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். விடுப்பில் வந்த அண்ணன் தங்கைக்கு என்ன வாங்கிவந்தார், மணியார்டர் தாளில் என்ன எழுதுவார், தந்தி வந்த அன்று அடுப்பில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள்.

பதிவு கிடைத்ததும் தூண் எண்ணை எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய், அந்தப் பெயர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து அனுப்புகிறேன். பாட்டி கையில் கொடுங்கள்.