மனை வாங்க நினைக்கும் மகனுக்கு முகவர் பதிவு தேவையா?

மன்னார்குடியிலிருந்து எழுதிய தந்தைக்கு வணக்கம்.

பி.காம். முடித்த உங்கள் மகன், குடும்பச் சேமிப்பை வைத்துத் தஞ்சாவூர் புறவழிச்சாலைப் பக்கம் மனை வாங்கி விற்க ஆசைப்படுகிறார். அதற்கு முன் ரியல் எஸ்டேட் முகவராகப் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். இப்போது வேண்டாம் என்பதே என் பதில்.

இந்த யோசனை பெரும்பாலும் அமெரிக்க முதலீட்டாளர்களின் காணொளிகளிலிருந்து வருகிறது. அங்கே உரிமம் பெற்றவர்களுக்கு, முகவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விற்பனைப் பட்டியல் முழுமையாகத் திறக்கும். அது பெரிய அனுகூலம். நம்மிடம் அப்படி ஒரு பூட்டிய அறை கிடையாது. வில்லங்கம், பட்டா, நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மனைப்பிரிவு பதிவு பெற்றதா என்பது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்திலேயே தெரியும்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் உள்ள மனையையோ வீட்டையோ பிறருக்காக வாங்கி விற்றுத் தரகு பெறுபவர்தான் முகவராகப் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் அந்தத் தொழிலைச் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. தனக்கென்று ஒரு மனை வாங்குபவருக்கு இந்தப் பதிவு தேவையே இல்லை.

ஆனால் இன்னொரு இடத்தில் தம்பி கவனமாக இருக்க வேண்டும். ஒரு மா நிலத்தை, அதாவது சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கரை, வாங்கி நாலைந்து மனையாகப் பிரித்து விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால், அவர் மனை மேம்பாட்டாளர் ஆகிவிடுவார். 500 சதுர மீட்டருக்கு மேல் போனால் திட்டத்தையே பதிவு செய்ய வேண்டும். ஒரு மா என்பது அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியும் வேண்டும். முகவர் சான்றிதழ் கையில் இருப்பதால் இவை எதுவும் தள்ளுபடி ஆகாது.

தரகு மிச்சமாகுமே என்பார். கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய் வாங்கிய அன்றே போய்விடுகிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு விலை ஏறிய பிறகுதான் லாபம் என்ற பேச்சே. ஓரிரு சதவீதத் தரகைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. டெல்டாவில் பணம் மாட்டிக்கொள்வது நிலத்தின் பழைய கதையில்தான். வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுகளுக்கு ஒரு குறையும் இல்லாத நிலத்தில், தாலுகா அலுவலகத்தின் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஒரு சாகுபடியாளரின் பெயர் இருக்கலாம். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவர் பக்கம் நிற்கும். கோயில் நிலமும் மடத்து நிலமும் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சர்வே எண்ணை அறநிலையத் துறைப் பக்கமும் விசாரிக்க வேண்டும். பிறகு புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனையில் நடந்து பார்க்க வேண்டும். மண் கொட்டி மட்டம் செய்த நஞ்சையில் வடிவாய்க்கால் எங்கே போனது என்று அந்தப் படம் சொல்லிவிடும். ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பார்த்தால் தண்ணீரே சொல்லிவிடும்.

இவற்றை எந்தச் சான்றிதழும் கற்றுத் தராது. பதிவுக்குத் தேர்வு எழுத வேண்டும் என்று மத்தியச் சட்டம் கேட்கவில்லை. விண்ணப்பம், ஆவணங்கள், கட்டணம், அவ்வளவே. ஆகவே ஆறு மாதம் ஒரு நல்ல ஆவண எழுத்தரிடமோ, நில வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரிடமோ தம்பி உதவியாளராக இருக்கட்டும். சம்பளம் சொற்பமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பட்டா வரை தொடர்ச்சியைத் தானாகப் படிக்கும் பழக்கம் வந்துவிடும். அதன் பிறகும் மனை விற்றுத் தருவதையே பிழைப்பாகக் கொள்ள விரும்பினால் பதிவு செய்துகொள்ளட்டும். அப்போது அது கட்டாயம், நானே விண்ணப்பத்துக்கு உதவுகிறேன்.

அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம். அவர் பார்த்து வைத்திருக்கும் மனையின் சர்வே எண்ணையும் மூலப்பத்திர நகலையும் வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்து வாருங்கள்.