வினைக்கு அடுத்து நிற்பது யார்? – கடிதமும் பதிலும்

வணக்கம். அலுவலக மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். காலம், எண் எல்லாம் ஓரளவு சரியாக வந்துவிடுகின்றன. ஒரே பொருள் தரும் வினைச்சொற்களில் எதைப் போடுவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறேன். ‘ஸே’, ‘டெல்’ இரண்டுக்கும் அகராதி ‘சொல்’ என்றே தருகிறது. ‘ப்ளீஸ் சஜெஸ்ட் மீ எ டேட்’ என்று எழுதியதை மேலாளர் திருத்தினார், காரணம் சொல்லவில்லை. ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ எப்போதும் குழப்பம். மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு. பொருளை ஒப்பிடுவதைச் சற்று நிறுத்திவிட்டு, வினையை ஒட்டி அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

‘எனக்கு ஒரு தேதியைச் சொல்லுங்கள்’ என்பதில் ‘எனக்கு’, ‘தேதியை’ இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கு, எதை என்பது மாறாது. வேற்றுமை உருபு அதைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையில் பெரும்பங்கைச் சொல் நிற்கும் இடமே செய்கிறது. தனக்கு அடுத்து ஆள் வரலாமா, செய்திதான் வர வேண்டுமா என்பதில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு பிடிவாதம் உண்டு.

‘ஸே’வுக்கு அடுத்து செய்தி வரும். கேட்பவரைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘டு’ தேவை: ‘ஷீ ஸெட் டு மீ’. ‘டெல்’லுக்கு அடுத்து கேட்பவரே நேராக வருவார்: ‘ஷீ டோல்ட் மீ’. உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றைச் சொல்லும்போது ‘டெல்’ ஆளில்லாமலும் வரும்: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’.

இந்த இரண்டும் இரண்டு குடும்பங்களின் தலைகள். ‘சஜெஸ்ட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’, ‘மென்ஷன்’, ‘டிஸ்க்ரைப்’, ‘அனௌன்ஸ்’ எல்லாம் ‘ஸே’யின் பக்கம். ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ தவறு, ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ சரி. உங்கள் வாக்கியம் ‘ப்ளீஸ் சஜெஸ்ட் எ டேட்’ என்று இருந்திருந்தால் போதும், ‘மீ’ தேவையே இல்லை. ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’, ‘அஷ்யூர்’, ‘கன்வின்ஸ்’ ஆகியவை ‘டெல்’லின் பக்கம். இங்கே பிழை எதிர்த்திசையில் நடக்கிறது, ஆளை விட்டுவிடுகிறோம். ‘ஹி இன்ஃபார்ம்ட் தட் த மீட்டிங் இஸ் கேன்ஸல்ட்’ அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படும். ‘ஹி இன்ஃபார்ம்ட் அஸ் தட்’ என்று ஆளைக் கொண்டுவந்தால் வாக்கியம் நேராகிவிடும்.

‘ஸ்டீல்’, ‘ராப்’ இரண்டும் இதே சோதனைக்கு அடங்கும். ‘ஸ்டீல்’ திருடிய பொருளை எடுக்கும், ‘ராப்’ பறிகொடுத்த ஆளையோ இடத்தையோ எடுக்கும். பணம் ‘ஸ்டோலன்’, வங்கி ‘ராப்ட்’.

‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ குழப்பத்துக்குத் தமிழ் இலக்கணமே மருந்து. பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் இது. விலை உயர்ந்தது என்றால் ‘ரைஸ்’, விலையை உயர்த்தினார்கள் என்றால் ‘ரெய்ஸ்’. திரும்பு–திருப்பு, உருள்–உருட்டு என்று நமக்கு இத்தகைய இணைகள் ஏராளம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்துவிடும். கதவு திறந்துகொண்டாலும் ‘ஓப்பன்’, நாம் திறந்தாலும் ‘ஓப்பன்’. அதனால்தான் தனித்தனிச் சொல் உள்ள சில இணைகள் தடுக்கிவிடுகின்றன. தமிழ் வாக்கியத்தில் ‘விலையை’ என்று ‘ஐ’ உருபு வந்தால் ‘ரெய்ஸ்’ போடுங்கள்.

‘லை’, ‘லே’ இணையும் கிட–கிடத்து போலத்தான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’ என்றே வரும். தரையில் கிடந்தான் என்பது ‘ஹி லே ஆன் த ஃப்ளோர்’, குழந்தையைக் கிடத்தினான் என்பது ‘ஹி லெய்ட் த பேபி டவுன்’. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தவறுவது சகஜம். ஆகவே இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் உதவாது. ‘ஸீ’, ‘வாட்ச்’ இரண்டும் ஒரே மாதிரிச் செயப்படுபொருளை எடுக்கும். அங்கே கண்ணில் பட்டதா, நடப்பதைத் தொடர்ந்து கவனித்தோமா என்று பொருளைத்தான் பார்க்க வேண்டும். காதுக்கும் அப்படியே: ‘ஹியர்’ காதில் விழுவது, ‘லிஸன் டு’ காதுகொடுப்பது. தொலைபேசியில் ‘கேன் யூ ஹியர் மீ’ என்றுதான் கேட்க வேண்டும்.

அகராதியையும் மாற்றுங்கள். ஆங்கிலம்–தமிழ் அகராதி பெரும்பாலும் பொருளோடு நின்றுவிடும். கற்பவர்களுக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதியில் வினையின் அமைப்பும் இருக்கும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, தம் சகாக்களுடன் சேர்ந்து தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி வினை அமைப்புகளை முக்கியமாக எடுத்துக்கொண்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு கற்பவர் அகராதி அதன் வழிவந்ததே. அதில் ஒரு வினையைத் தேடும்போது ‘சஜெஸ்ட் ஸம்திங் டு ஸம்படி’ போன்ற தடித்த எழுத்து வரியைக் கண்டுபிடித்து, அந்த வரியை அப்படியே குறிப்பேட்டில் எழுதுங்கள். ‘ஸம்படி’ வினையை ஒட்டி இருக்கிறதா, ‘டு’வுக்குப் பின்னால் இருக்கிறதா என்பது மட்டும் கவனத்தில் இருந்தால் போதும். மின்னஞ்சலை அனுப்பும் முன் ‘இன்ஃபார்ம்’, ‘ரிமைண்ட்’ வந்த இடங்களில் ஆள் இருக்கிறாரா என்றும், ‘சஜெஸ்ட்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’ வந்த இடங்களில் ‘டு’ இல்லாமல் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறாரா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.