ஜூன் குளிரில் மின்சார கார்: நியூசிலாந்துக்குக் கிளம்பும் முன்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்து போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெகப்போ வழியாகக் குவீன்ஸ்டவுன் வரை கார் பயணம், ஒருநாள் மில்ஃபோர்டு சவுண்டும் பார்க்க ஆசை. இங்கே சிங்கப்பூரில் பிஒய்டி ஆட்டோ 3 மின்சார கார் ஓட்டுகிறோம். புளோக்குக்குக் கீழேயே சார்ஜர், ஒரு தொந்தரவும் இல்லை. அங்கும் அதே வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது, பெட்ரோல் காரைவிட விலையும் குறைவு. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எடுக்கலாமா?
– பொங்கோல் வாசகர்

பதில்: டெகப்போ, குவீன்ஸ்டவுன் வரைக்கும் தாராளமாக எடுக்கலாம். மில்ஃபோர்டு பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

சாலையில் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், சார்ஜர் முனையும் நமக்குப் பழகியதுதான்: மெதுவான சார்ஜருக்கு டைப் 2, வேகச் சார்ஜருக்கு சிசிஎஸ் 2. ஆகவே வண்டி உங்களுக்குப் புதிதாக இருக்காது. மாற்ற வேண்டியது ஒரு பழக்கத்தை. "இப்போது களைப்பாக இருக்கிறது, காலையில் கிளம்பும்போது வேகச் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம்" என்று இங்கே விடலாம், அங்கே விடக்கூடாது. இரண்டு மணி நேரம் ஓடி வந்த பேட்டரி சூடாக இருக்கும், மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்க உறைபனியில் நின்ற வண்டி அப்படி வாங்காது. குளிர்ந்த பேட்டரிக்குள் வேகமாக மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் எதிர்மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் வண்டியின் கணினியே வேகத்தைக் குறைத்துவிடும். உங்கள் ஆட்டோ 3-இல் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, குளிரில் இன்னும் கொஞ்சம் மந்தம். வழக்கமாக அரை மணியில் முடிகிற வேலை முக்கால் மணி, ஒரு மணி என்று இழுக்கும். சார்ஜர் பழுது என்று நினைத்துக் கம்பத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. பாவம், கம்பத்தின் மேல் குற்றமில்லை.

ஆக, ஊருக்குள் நுழைந்ததும் முதலில் சார்ஜர், பிறகு ஹோட்டல். ஜூனில் அங்கே மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் என்பதால் வெளிச்சத்திலேயே இந்த வேலையை முடிப்பது கைக்கும் நல்லது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் ஒயர் விறைத்துக் கம்பி மாதிரி நிற்கும். முனை கழலவில்லை என்றால் இழுக்காதீர்கள். வண்டியின் பூட்டைத் திறந்து, சார்ஜ் நின்றுவிட்டதா என்று பார்த்து, அப்புறம் எடுங்கள்.

இப்போது தூரக் கணக்கு. ஆட்டோ 3-இன் 60 கிலோவாட்-மணி பேட்டரிக்கு ஐரோப்பியச் சோதனை முறைப்படி சொல்லும் தூரம் 420 கிலோமீட்டர். ஐந்து பேர், பெட்டிகள், ஹீட்டர், நெடுஞ்சாலை வேகம் எல்லாம் சேர்த்து 30 சதவீதம் கழித்துவிடுங்கள், மிச்சம் 290 சொச்சம். அதில் 20 சதவீதத்தைத் தொடாமல் வைத்தால் முழுச் சார்ஜில் நம்பி ஓடக்கூடியது சுமார் 235. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகப்போ ஏறக்குறைய 225 கிலோமீட்டர், அதுவும் கடைசியில் ஏற்றம். டெகப்போ கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கணக்கு ஒப்புக்கு உதைக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். எனவே வழியில் ஜெரல்டைன் அல்லது ஃபேர்லியில் ஒரு முறை நிறுத்துங்கள். எப்படியும் பிள்ளைகளுக்குக் கழிவறை வேண்டும், மாமியாருக்குத் தேநீர் வேண்டும்.

ஹீட்டரை அணைத்துத் தூரத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் சொல்வார்கள். வயதானவரை நடுங்க வைத்து 20 கிலோமீட்டர் சம்பாதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கைச் சூடு இருந்தால் அதைப் போட்டு, காற்றுச் சூட்டைக் கொஞ்சம் குறையுங்கள். வேகத்தைக் குறைத்தால் அதைவிடப் பலன் அதிகம்.

தங்கும் விடுதியைப் பதிவு செய்யும்போதே சார்ஜ் வசதி உண்டா என்று கேளுங்கள். சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் போட அனுமதித்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சுமார் 2 கிலோவாட்தான் வரும், ஆனாலும் பத்து மணி நேரத்தில் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறும். காலையில் ஒயரைக் கழற்றும் முன்பே வண்டிக்குள் சூடு போட்டுவிட்டால் அந்தச் செலவு பேட்டரியில் விழாது. நீட்டிப்பு ஒயர் மட்டும் வேண்டாம், சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

வாடகை நிறுவனத்திடம் பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். டைப் 2 ஒயர் வண்டியோடு வருமா? அங்குள்ள மெதுவான சார்ஜர்கள் பலவற்றில் ஒயர் இருக்காது, நாம்தான் கொண்டுபோக வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம் என்ன? சாலைக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா? 2024 ஏப்ரல் 1 முதல் மின்சார கார்களுக்கும் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து வெள்ளி என்று அரசாங்கம் வைத்தது. அதைத் தனியாகப் போட்டால் "விலை குறைவு" என்ற கணக்கில் ஒரு பங்கு கரைந்துவிடும். இன்னொன்று, "ஆட்டோ 3 அல்லது அதற்கு இணையானது" என்று எழுதியிருந்தால் உஷார். இணையானது என்று பழைய நிசான் லீஃப் வந்து நின்றால் பேட்டரியும் சிறியது, வேகச் சார்ஜருக்கு முனையும் வேறு, சாடெமோ.

சரி, மில்ஃபோர்டு. அதற்குப் போகும் வழியில் இருக்கும் ஊரான டெ அனாவிலிருந்து போக 120, வர 120 கிலோமீட்டர். நடுவில் ஹோமர் சுரங்கம் வரை ஏற்றம், பனி, குளிர்காலத்தில் வண்டியில் சக்கரச் சங்கிலி வைத்திருப்பது கட்டாயம். டெ அனாவில் 100 சதவீதம் ஏற்றினால் ஓடும்தான். ஆனால் பனிச்சரிவு அபாயத்தால் சாலையை மூடி, ஹீட்டர் போட்டபடி வரிசையில் நிற்க நேர்ந்தால் உங்கள் கண் சாலையில் இருக்காது, சதவீதத்தில்தான் இருக்கும். அன்று மட்டும் சுற்றுலாப் பேருந்தில் போய்வாருங்கள். சொந்தமாகத்தான் ஓட்டுவேன் என்றால் முழுப் பயணத்துக்கும் ஹைபிரிட் எடுப்பது மேல்.

கேள்வி: வெளிநாட்டுச் சார்ஜர்களுக்கு நம் கார்டிலேயே கட்டலாமா, அல்லது அங்குள்ள செயலி வேண்டுமா?
– அதே வாசகரின் மனைவி

பதில்: செயலி வேண்டும். நியூசிலாந்தில் பெரிய கட்டமைப்பு சார்ஜ்நெட். இங்கிருந்தே கணக்குத் தொடங்கி, கார்டைச் சேர்த்து, கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் சரிபார்த்துவிடுங்கள். டெகப்போ குளிரில் ரோமிங் கிடைக்காமல் குறியீட்டுக்காகக் காத்திருப்பது வேண்டாத வேலை. நம் வங்கிக் கடன் அட்டைகள் பெரும்பாலும் வெளிநாட்டுச் செலவுக்கு 3 சதவீதத்துக்கு மேல் கட்டணம் சேர்க்கும், அது இல்லாத பல நாணய அட்டை இருந்தால் அதைச் சேருங்கள். "சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா?" என்று எங்கு கேட்டாலும் வேண்டாம் என்று அழுத்துங்கள், மாற்று விகிதம் அவர்கள் வைத்ததாக இருக்கும். கட்டணம் கிலோவாட்-மணிக்கா, நிமிடத்துக்கா என்றும் பாருங்கள். குளிர்ந்த பேட்டரிக்கு நிமிடக் கணக்கு கட்டுப்படியாகாது. வண்டியைத் திருப்பும்போது சதவீதமும் கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு கார்டில் புரியாத தொகை பிடித்திருந்தால் அந்தப் படத்தோடு முதலில் வாடகை நிறுவனத்துக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் தாமதிக்காமல் வங்கியிடம் மறுப்புத் தெரிவியுங்கள்.