ஃபிரைடு ரைஸ் குழைகிறதா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

கேள்வி: சமையல் இப்போதுதான் பழகுகிறேன். ஃபிரைடு ரைஸ் மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் சோறு குழைந்து கட்டி கட்டியாகிவிட்டது. வீடியோவில் சொன்ன மசாலா பாக்கெட்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் சோற்றில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள், அது உடம்புக்கு ஆகுமா? என் அடுப்பில் தீ போதவில்லையா?

பதில்: உங்கள் கையிலும் குறையில்லை, அடுப்பிலும் குறையில்லை. சோற்றில் ஈரம் அதிகம். நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் இதுதான் வேர், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

பாசுமதி மாதிரி நீளமான அரிசியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கப் தாராளம். கழுவும்போது வரும் வெள்ளைத் தண்ணீர் மாவுதான், அது போகும்வரை மூன்று நான்கு முறை களைந்துவிட்டு இருபது நிமிடம் ஊறவையுங்கள். அப்புறம் குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து விசில் எண்ணாமல், பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து அதில் அரிசியைப் போடுங்கள். ஐந்தாறு நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். முழுதாக மசிந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நசுங்கி, நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அந்த நொடியே வடித்துவிடுங்கள். போன் அடித்தாலும் எடுக்காதீர்கள். வடித்த சோற்றைப் பாத்திரத்திலேயே குவித்து வைத்தால் தன் ஆவியிலேயே வெந்து குழைந்துவிடும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஆவி போகப் போக ஈரமும் போகும், ஆற ஆற மாவுச்சத்து இறுகும், பருக்கை உடையாமல் நிற்கும்.

முதல் நாள் சோறு நன்றாக வருவதற்கும் காரணம் இந்த இறுக்கம்தான். ஆனால் இங்கே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "மீந்த சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற சமையல் குறிப்புகள், அந்தச் சோறு ராத்திரி முழுக்க எங்கே இருந்தது என்பதைச் சொல்வதே இல்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை கொதிநீரில்கூடச் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மேடையிலேயே கிடந்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு சூட்டில் வறுத்தாலும் போகாது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் சரியாகிவிடும்" என்று என் சமையல் வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லாத நாளே இல்லை, ஒவ்வொரு முறையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் நாள் சோறு என்றால் வடித்த ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து, மூடிபோட்டு, ஃபிரிட்ஜில் வைத்த சோறு. மறுநாளே அதைத் தீர்த்துவிடவும் வேண்டும். ராத்திரி வெளியே இருந்த சோறு வாசனை நன்றாக இருந்தாலும் வேண்டாம், நஞ்சு இருப்பது வாசனையில் தெரியாது. ஃபிரிட்ஜில் இடமில்லையா, அன்றைய சோற்றையே பரப்பி ஆறவைத்து உடனே செய்யுங்கள், உதிரியாகவே வரும். ராத்திரியெல்லாம் காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போது அந்த மசாலா பாக்கெட். திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகப் போடுவார்கள். நான் பார்த்த பலவற்றில் முதல் வரியிலேயே உப்பு, சோள மாவு, சர்க்கரைதான் இருந்தன. சோள மாவு என்ன செய்யும்? காய் விடுகிற தண்ணீரைக் குடித்துப் பசையாகி, ஒவ்வொரு பருக்கையையும் பக்கத்துப் பருக்கையோடு ஒட்டவைக்கும். சோறு குழைகிறதே என்று வாங்கிய பொருளே அதைக் கட்டியாக்க உதவியிருக்கலாம். இதை வீடியோவில் காட்டி "கீழே இணைப்பு இருக்கிறது" என்று சொல்பவர்களில் பலருக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் கமிஷன் உண்டு, அதை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை. பாக்கெட்டின் முன்பக்கம் பளபளவென்று படம், பின்பக்கம் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்து! வாங்குகிறவர் படிக்கவேண்டிய ஒரே இடத்தை இத்தனை சிறிதாக அச்சடிக்க எப்படித்தான் விடுகிறார்களோ, எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஃபிரைடு ரைஸுக்கு மிளகுத்தூள், சோயா சாஸ், பூண்டு, வெங்காயத்தாள் போதும். அஜினோமோட்டோ விருப்பம்; அதன் மேல் இருக்கும் பயம் 1968-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதத்திலிருந்து பரவியது, அதில் ருசி கூட்டுகிற குளூட்டமேட் என்ற பொருள்தான் தக்காளியிலும் இருக்கிறது.

தீ விஷயம். ஹோட்டல் அடுப்பின் வேகம் வீட்டு அடுப்புக்கு வராது, வரவும் வேண்டாம். அதை வீடியோவில் பார்த்துவிட்டு நான்கு பேருக்கான சோற்றை ஒரே கடாயில் கொட்டினால் சூடு இறங்கிவிடும், வறுபடவேண்டியது ஆவியில் வேகும். காதுகொடுத்துக் கேளுங்கள்: சோறு விழுந்ததும் சுர்ரென்ற சத்தம் தொடர்ந்து வரவேண்டும், அது அடங்கி மெதுவாகக் கொதிக்கிற சத்தமாக மாறினால் கடாயில் கூட்டம் அதிகம். ஒரு தடவைக்கு ஒருவருக்கான அளவு, அதிகம் போனால் இருவருக்கு. இரும்புக் கடாய் இருந்தால் நல்லது. நான்ஸ்டிக் என்றால் காலியாக வைத்துச் சூடேற்றாதீர்கள், 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். மிதமான தீயில் எண்ணெயோடு சேர்த்தே சூடாக்கிக்கொள்ளுங்கள்.

செய்முறை சின்னதுதான். முட்டையை முதலில் கிளறித் தனியே எடுத்துவையுங்கள். பிறகு எண்ணெயில் பூண்டு, அப்புறம் பொடியாக நறுக்கி ஈரம் துடைத்த காய், கேரட்டும் பீன்ஸும் முன்னால், கோஸ் கடைசியில். மூடி போடக்கூடாது, காய்க்கு உப்பும் போடக்கூடாது. இரண்டுமே தண்ணீர் விடவைக்கும். சோற்றைப் போட்டதும் உடனே கிளற ஆரம்பித்துவிடுகிறோம், அது பதற்றம். அரை நிமிடம் அப்படியே விட்டு, அடியில் லேசாகச் சிவந்ததும் கரண்டியை அடிவரை விட்டுப் புரட்டுங்கள். சோயா சாஸ் இரண்டு டீஸ்பூன், சோற்றின் மேல் ஊற்றாமல் கடாயின் ஓரத்தில் சுற்றி விடுங்கள், சூட்டில் பட்டு வாசனை ஏறும், சோறும் நனையாது. முட்டை, மிளகு, வெங்காயத்தாள் சேர்த்து, ருசி பார்த்த பிறகே உப்பு, ஏனென்றால் சோயா சாஸிலேயே பாதி வந்திருக்கும்.

நான்காவது முறை முட்டையும் வெங்காயத்தாளும் மட்டும் வைத்து, ஒரே ஒருவருக்குச் செய்து பாருங்கள். சோறு உதிரியாக வந்துவிட்டால் அதற்கடுத்த முறை காய் சேர்த்துக்கொள்ளலாம்.