வாரண்டி கொடுத்த கம்பெனியே மூடிவிட்டால்?

கேள்வி: ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் 38,000 ரூபாய்க்கு ஏ.சி. வாங்கினோம். கடைக்காரர் சொன்னதால் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு 3,200 ரூபாய் கூடக் கட்டினேன். இப்போது கேஸ் லீக். கடையில் கேட்டால் “அது வேற கம்பெனி, அவங்களைக் கேளுங்க” என்கிறார்கள். அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. கம்பெனியே மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் பணம் போனதுதானா?
- வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: போகவில்லை. உடனே இறங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய வாரண்டி பேப்பரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், வெளியூர் கம்பெனி ஒன்றின் பெயர். ரிப்பேர் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தது அந்தக் கம்பெனிதான். பணம் கட்டும்போது இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இன்சூரன்ஸ் கம்பெனி தொடங்க வேண்டுமானால் குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஆணையத்தில் பதிய வேண்டும். பொறுப்புகள் போக மிஞ்சும் சொத்து, ஆணையம் வகுத்த அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. நாளைக்கு க்ளெய்ம் வந்தால் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும். வாரண்டி கம்பெனியும் முன்பணம் வாங்கிக்கொண்டு பிற்பாடு செய்கிறேன் என்றுதான் சொல்கிறது. ஆனால் இந்தக் கட்டாயம் எதுவும் அதற்குக் கிடையாது. பெரிய ஓட்டை இது, அடைத்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கடைக்கும் கம்பெனிக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில் கடிதம் போடுங்கள். பில், வாரண்டி பேப்பர், மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு ஆகியவற்றின் நகலை இணைத்து 15 நாள் அவகாசம் கொடுங்கள். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போட 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கடையையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க மறக்காதீர்கள். அந்த 3,200 ரூபாயைத் தன் பில்லில் போட்டு வாங்கியது கடைதான். “வேற கம்பெனி” என்று சொல்லி அவ்வளவு லேசாக நழுவ விடக்கூடாது.

இன்னொன்று. கடலோர வீடுகளில் உப்புக்காற்றில் வெளி யூனிட்டின் குழாய்ச் சுருளில் பச்சை பூத்து அரித்துவிடும். ‘துரு, அரிப்புக்குப் பொறுப்பில்லை’ என்று பேப்பரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் தூக்கிக் காட்டும். லீக் எந்த இடத்தில், எதனால் என்று மெக்கானிக்கிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் பழைய கார் வாங்கப் போகிறான். அதற்கும் இப்படி ஒரு வாரண்டியை விற்கிறார்களாம். நம்பலாமா?
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அங்கே இதைக் கண்காணிப்பது மாநில அரசுகளின் பொறுப்பு. மாநிலக் காப்பீட்டு ஆணையர்கள் சேர்ந்து ஒரு மாதிரிச் சட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தழுவிப் பல மாநிலங்கள் தங்கள் சட்டத்தை இயற்றியுள்ளன. அந்த மாதிரிச் சட்டப்படி, வாரண்டி விற்பவர் மூன்று வழிகளில் ஒன்றில் தன் பண பலத்தைக் காட்ட வேண்டும். தன் பொறுப்பு முழுவதையும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் காப்பீடு செய்யலாம். இல்லையென்றால், நடப்பில் உள்ள ஒப்பந்தங்களுக்கு வாங்கிய தொகையில், கொடுத்த க்ளெய்ம் போக, 40 சதவீதத்தை ஒதுக்கி வைத்து, கூடவே 5 சதவீதத்தை ஆணையரிடம் பிணையாகக் கட்டலாம். அந்தப் பிணை 25,000 டாலருக்குக் குறையக்கூடாது. மூன்றாவது வழி, 10 கோடி டாலர் நிகர மதிப்பு, அதாவது கடன் போக மிஞ்சும் சொத்து. அது பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டுப்படியாகும்.

மகனுக்குச் சொல்லுங்கள்: முதல் வழியில் வந்த வாரண்டியாகப் பார்த்து வாங்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் முகவரியும் ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். க்ளெய்ம் கொடுத்து 60 நாளில் வேலை நடக்கவில்லை என்றால், நேரே அந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேட்கலாம். வாரண்டிக்காரர் கடையைக் கட்டிவிட்டாலும் பிடிக்க ஒரு கை இருக்கிறது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த மாநிலக் காப்பீட்டுத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். அந்த முதல் வழி மட்டும் நம் ஊரில் சட்டமாக இருந்திருந்தால், மேலே எழுதிய தேவனாம்பட்டினத்து அம்மா இப்படி அலைய வேண்டியிருக்காது.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஃபிரிட்ஜ் மூழ்கியது. வாரண்டி இருந்தும் மறுத்துவிட்டார்கள். நியாயமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: இதில் அவர்கள் சொல்வது சரிதான். வாரண்டி என்பது பொருளின் தயாரிப்பில், பாகத்தில் உள்ள குறைக்கு. வெள்ளத்துக்கு வீட்டுக் காப்பீடு வேண்டும். அப்படி ஒரு பாலிசி உங்களிடம் இருந்து அந்தக் கம்பெனி மறுத்தால், மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரியும் அவர் எல்லைக்குள்தான். கட்டணம் இல்லை.